மினி டிராக்டர் வாங்கும்போது கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

"குபோடா நல்லதா, மஹிந்திரா நல்லதா, இல்லை விஎஸ்டியே எடுத்துடலாமா?" தென்னை, பாக்கு, வாழை, திராட்சை என்று தோட்டம் வைத்திருப்பவர்கள் மினி டிராக்டர் பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் வருவது இந்தக் கேள்விதான். நேரடியாகச் சொல்கிறேன், இதற்குப் பதில் கிடையாது. எந்த மாடல், உங்கள் வரிசை இடைவெளி எத்தனை அடி, பின்னால் என்ன கருவி மாட்டப் போகிறீர்கள், வண்டி நின்றுபோனால் எத்தனை கிலோமீட்டரில் மெக்கானிக் இருக்கிறார் என்பதையெல்லாம் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வி. ஐந்தாறு லட்சம் போடுகிற விஷயம், பலருக்கு அது கடன் பணம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பெரும்பாலானவர்கள் முதலில் சறுக்குவது, பெரிய டிராக்டரின் பெயரை அப்படியே சின்ன டிராக்டருக்கும் கொடுத்துவிடுவதில். "எங்க அப்பா காலத்துல இருந்தே இந்தக் கம்பெனி வண்டிதான், ஒரு குறை சொல்ல முடியாது" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நல்ல பெயரைச் சம்பாதித்தது 45, 50 ஹெச்பி வண்டி. அதே கம்பெனியின் 20 ஹெச்பி வண்டியில் எஞ்சின் வேறு, கியர்பாக்ஸ் வேறு, சில நேரம் உங்கள் ஊர் மெக்கானிக்குக்கூட அது புதுசு. இதற்கு நேர் எதிராக, பெங்களூரைச் சேர்ந்த விஎஸ்டி, ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டு வைத்து, பின்னால் நடந்து ஓட்டும் உழவு இயந்திரமான பவர் டில்லர் செய்து வளர்ந்த கம்பெனி. சின்ன இயந்திரம்தான் அவர்களுடைய முதல் தொழில். பெரிய டிராக்டரில் அவர்கள் பெயர் அதிகம் அடிபடவில்லை என்பதற்காகத் தள்ளிவிடுவது சரியில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு ஷோரூம்களுக்கு முதலாளி ஒருவராகவே இருக்கலாம். ஸ்வராஜ் டிராக்டர் செய்த பஞ்சாப் டிராக்டர்ஸை 2007-ல் மஹிந்திரா வாங்கியது. ஐஷர் டிராக்டர் 2005-ல் சென்னையின் டிராக்டர் கம்பெனியான டாஃபேவிடம் வந்தது, மாசி பெர்குசனும் அவர்களிடம்தான் இருக்கிறது. எஸ்கார்ட்ஸ் 2022-ல் எஸ்கார்ட்ஸ் குபோடா ஆகிவிட்டது. மாசி 5118, ஐஷர் 188 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் ஒற்றை சிலிண்டர், 825 சிசி எஞ்சின்தான். இங்கே பெயரை வைத்து டீக்கடையில் மல்லுக்கட்டுவதை விட, எந்த டீலர் ஒழுங்காக சர்வீஸ் கொடுக்கிறார் என்று விசாரிப்பதுதான் உபயோகம்.

அடுத்தது ஹெச்பி கணக்கு. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் ஒரு ஜோடியை விரிவாகவே பார்த்துவிடலாம். மஹிந்திரா ஜிவோ 245, குபோடா நியோஸ்டார் பி2441. இரண்டும் 24 ஹெச்பி, இரண்டும் நாலு சக்கர இழுவை, இரண்டுக்கும் 750 கிலோ தூக்கும் திறன் என்று போட்டிருக்கும். காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஜிவோவில் இரண்டு சிலிண்டர், 1,366 சிசி, 2,300 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு). குபோடாவில் மூன்று சிலிண்டர், 1,123 சிசி, 2,600 ஆர்பிஎம். ஹெச்பி என்பது முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வரும் எண், அதனால் ஒரே 24 ஹெச்பியைக் குறைந்த வேகத்தில் அதிக விசையோடும் எடுக்கலாம், அதிக வேகத்தில் குறைந்த விசையோடும் எடுக்கலாம். முதல் வகை எஞ்சின் பாரம் ஏறும்போது சீக்கிரம் திணறாது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் அதிர்வு குறைவு, நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு இடுப்பு அதை உணரும்.

அடுத்து பி.டி.ஓ., அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரையும் மருந்தடிக்கும் பம்பையும் சுற்றுவது எஞ்சின் ஹெச்பி இல்லை, பின்னால் இருக்கிற பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும் ஹெச்பிதான். கம்பெனி விவரப்படி ஜிவோவில் அது 22, குபோடாவில் 17.4. உடனே "அப்ப குபோடா வேஸ்ட்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அதுவும் தவறுதான். அந்தக் குபோடா வண்டியின் எடையே சுமார் 630 கிலோதான். ஈரத் தோட்டத்தில் மண்ணை அதிகம் அமுக்காது, நெருக்கமான வரிசைக்குள் திரும்ப லேசாக இருக்கும். ஜான் டீர் 3028 இஎன் 28 ஹெச்பி, எடை 1,070 கிலோ. கடினமான செம்மண்ணில் கலப்பை இழுக்க அந்த எடை வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கி டீசல்தான் வீணாகும். ரோட்டவேட்டரே முக்கிய வேலை என்றால் பி.டி.ஓ. எண்ணைப் பாருங்கள், களையெடுப்பும் மருந்தடிப்பும் மட்டும்தான் என்றால் எடையையும் அகலத்தையும் பாருங்கள்.

கம்பெனி நோட்டீஸை மட்டும் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களை அங்கே சோதித்து, பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, இழுவை, தூக்கும் திறன், சத்தம், அதிர்வு எல்லாவற்றையும் அளந்து அறிக்கை தருகிறார்கள். டீலரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள், இணையத்திலும் தேடிப் பாருங்கள். இரண்டு மாடலின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பத்து யூடியூப் வீடியோ சொல்லாததை அது சொல்லிவிடும்.

சரி, அகலம். நோட்டீஸில் போட்டிருக்கும் டிராக் அகலம் என்பது ஒரு டயரின் நடுவிலிருந்து அடுத்த டயரின் நடுவரைக்கும் உள்ள அளவு. உங்கள் பயிரை உரசப் போவது டயரின் வெளி விளிம்பு. கணக்குப் போடுவோம்: டிராக் 3 அடி, அதாவது 915 மில்லிமீட்டர். 8.3 அங்குல டயர் என்றால் இன்னும் 210 சேர்ந்து 1,125 ஆகிவிடுகிறது. உங்கள் கரும்பு வரிசை 4 அடி, அதாவது 1,219. மிச்சம் 94 மில்லிமீட்டர், ஒரு பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. வளைவில் கரும்பு மிதிபடும். போகும்போது கையில் டேப் எடுத்துக்கொண்டு போங்கள், ஷோரூமில் நிற்கும் வண்டியை நீங்களே வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி பந்தல் திராட்சை வைத்திருப்பவர்கள் உயரத்தையும் அளக்க வேண்டும். ஸ்டீயரிங் எந்த உயரத்தில் இருக்கிறது, சைலன்சர் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா, பக்கவாட்டில் கீழே இறங்குகிறதா என்று பார்க்காமல் வாங்கினால் சூட்டுப் புகையில் கொடி கருகும். தென்னைக்கு 25 அடி இடைவெளி, ஊடுபயிர் இல்லையென்றால் அதற்குள் பெரிய டிராக்டரே தாராளமாகப் போகும். மினிதான் வேண்டுமா என்று அவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

தூக்கும் திறனிலும் இதே மாதிரி ஒரு சூட்சுமம் இருக்கிறது. 750 கிலோ என்பது வண்டியின் பின்னால் கருவியை மாட்டும் கீழ் இணைப்புக் கைகளின் நுனியில் தூக்கும் எடை. 400 லிட்டர் தொட்டியோடு ஸ்பிரேயர் மாட்டினால் தண்ணீரே 400 கிலோ, அதன் மேல் தொட்டி, பம்பு, சட்டம் எல்லாம். அந்தப் பாரம் நுனியிலிருந்து இன்னும் தள்ளிப் பின்னால் தொங்குகிறது. ஹைட்ராலிக் தூக்கிவிடும், ஆனால் லேசான வண்டியில் முன் சக்கரம் மண்ணை விட்டு எழும்பும், ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. மேட்டில் ஏறும்போது இது உயிருக்கே ஆபத்து. முன்னால் எடைக் கட்டி மாட்ட இடம் இருக்கிறதா, அது வண்டியோடு வருகிறதா, தனியாகக் காசா என்று கேட்டுவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது பழைய எண்ணை வைத்துப் பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 5 லட்சம் என்றால் முன்பு 5.60 லட்சம், இப்போது 5.25 லட்சம். இணையத்தில் ஒரு மாடலுக்குப் பழைய விலையும் இன்னொன்றுக்குப் புது விலையும் கிடக்கும், அதைப் பார்த்து "இது சல்லிசு" என்று முடிவு செய்தால் தப்பாகிவிடும். டிராக்டர் டயருக்கும் பல உதிரிப் பாகங்களுக்கும்கூட 18-லிருந்து 5 ஆகியிருக்கிறது, பழைய பில் கணக்கில் ஸ்பேர் விற்றால் விடாதீர்கள். எந்த விலையாக இருந்தாலும் பதிவு, இன்சூரன்ஸ், கொக்கி, எடைக் கட்டி எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் விலையை எழுத்தில் வாங்குங்கள். மானியம் எதிர்பார்க்கிறவர்கள் முதலில் வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பித்து, அந்த மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அனுமதி கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

பெயர் விசாரிக்கும் முறையிலும் கோளாறு இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுப் புல்வெளியை வெட்டும் ஆரஞ்சு நிற குபோடாவின் புகழைக் கேட்டு இங்கே வாங்குவதில் அர்த்தமில்லை, அங்கே ஓடும் மாடல் வேறு, வேலையும் வேறு. வாங்கி ரெண்டு மாசம் ஆனவரின் புகழ்ச்சியும் அதே கதைதான், புது வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். ஹவர் மீட்டரில் ஆயிரம் மணி தாண்டிய அதே மாடலை உங்கள் வட்டாரத்தில் தேடுங்கள். "வண்டி எப்படிண்ணே?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார், கொடுத்த காசை யாரும் குறைவாகப் பேச மாட்டார்கள். "கடைசியா என்ன ஸ்பேர் மாத்துனீங்க, எத்தனை நாள்ல வந்துச்சு?" என்று கேளுங்கள். கிளட்ச் பிளேட்டுக்கு இருபது நாள் காத்திருந்தேன் என்று ஒருவர் சொன்னால், உழவு நேரத்தில் அந்த இருபது நாள் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கரிடம் அந்த மாடலுக்கு என்ன கொடுப்பார் என்று கேளுங்கள். அவருக்கு எந்தக் கம்பெனி மேலும் பாசம் கிடையாது.

டெமோ கேட்டால் ஷோரூம் பக்கத்துக் காலி மனையில் ஓட்டிக் காட்டுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தோட்டத்தில், உங்கள் கருவியை மாட்டி, டேங்க்கை நிரப்பிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்ப நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். போட்டி மாடலையும் அதே வாரத்தில், மண்ணில் அதே ஈரம் இருக்கும்போதே கூப்பிட்டு ஓட்டிப் பாருங்கள். உங்கள் மண்ணுக்குக் கொண்டுவர எந்த டீலர் சாக்குப் போக்குச் சொல்கிறாரோ, நாளைக்கு வண்டி வயலில் நின்றுபோனால் அவர் வருவாரா என்பதையும் அப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.