போதனை மாறியதா? வட்டிக் கணக்கில் தொடங்கிய கேள்வி

தேவகோட்டையில் எங்கள் தெருமுனை வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். காலையில் முகப்பில் உட்கார்ந்தால் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்து முடித்துத்தான் எழுந்திருப்பார். ஒருநாள் என்னை நிறுத்தி, "தம்பி, வட்டி வாங்குவது பாவம் என்று உங்கள் பாப்பரசர்கள் ஒரு காலத்தில் சொன்னார்களாமே? இப்போது வாட்டிகனிலேயே பேங்க் இருக்கிறதே, அந்தப் பாவம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். பெண்கள் தங்கள் பேரில் தனியாகப் பணம் விட்டு வளர்த்து, அதற்கு 'ஆச்சிமார் பணம்' என்று பெயரும் வைத்த சீமை இது. வட்டி பற்றிய கேள்வியை இங்கே யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன் நான். "அது வெறும் ஒழுங்குமுறை, ஆச்சி. போதனை மாறாது" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. நம்பாததுதான் சரி. நான் செய்த தவறையே பலரும் செய்கிறார்கள். அதற்கு நேர் எதிரான தவறைச் செய்கிறவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள்.

எளிதான தவறிலிருந்து தொடங்குவோம். சொல் மாறினால் போதனை மாறிவிட்டது என்று நினைப்பது. என் பாட்டி 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்று செபமாலை சொன்னவர். நாங்கள் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்கிறோம். அவருக்குச் 'சர்வேசுரன்', எங்களுக்குக் 'கடவுள்'. 'இஸ்பிரீத்து சாந்து' பரிசுத்த ஆவியாகிப் பிறகு தூய ஆவியும் ஆனார். பழைய சொல் நாவில் ஏறியவர்களுக்குப் புதிய செபம் அந்நியமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் நம்பிக்கை ஒன்றே. லத்தீன் பூசை தமிழுக்கு வந்ததும் இந்த வகைதான். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன் நள்ளிரவு முதல் எதுவும் உண்ணக் கூடாது என்றிருந்த விதி, 1957இல் மூன்று மணி நேரமாகவும் 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. சுத்தபோசனமும் (புலால் தவிர்ப்பது) ஒருசந்தியும் (நோன்பிருப்பது) திருச்சபை இட்ட விதிகள், இட்டவரே தளர்த்தலாம்.

எது வளையும், எது வளையாது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஓரியூரில். லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ மதுரை மிஷனுக்கு வந்து அருளானந்தர் ஆனார். காவி உடுத்தார், புலால் விட்டார், பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். இவ்வளவையும் மாற்றிக்கொண்டவர் ஓரிடத்தில் மட்டும் அசையவில்லை. திருமுழுக்குப் பெற வந்த தடியத் தேவருக்கு மனைவியர் பலர். ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை விழுந்தது. ஒழுங்குக்கும் போதனைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனாலும் அந்தக் கோடு சொல்வது போல நேராக ஓடுவதில்லை. பூணூல், சந்தனம் போன்றவற்றை, பிரிட்டோவுக்கு முன் மதுரை மிஷனில் இருந்த இயேசு சபைக் குரு நோபிலி அனுமதித்ததை 1623இல் உரோமை ஏற்றது. 1704இல் புதுச்சேரியில் இருந்து வந்த ஆணை பல வழக்கங்களைத் தடுத்தது. 1741இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், இந்த வழக்கங்களைக் கைக்கொண்டது பிரிட்டோவின் அருளாளர் பட்டத்துக்கு (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) தடையாகாது என்றார். அவரே 1744இல் தடைகளை உறுதி செய்தார். அவற்றைக் கடைப்பிடிப்பதாக மிஷனரிகள் எடுத்துவந்த உறுதிமொழி 1940இல்தான் நீங்கியது. 1947இல் பிரிட்டோ புனிதரானார். இதில் உறுத்துகிற முள் ஒன்றும் உண்டு. உடை, சந்தனம் என்ற பட்டியலோடு சாதியும் உள்ளே நுழைந்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குருக்கள் என்பது வரை போனது. 'வெறும் வழக்கம்' என்று ஏற்றுக்கொண்ட ஒன்று, மனிதர் யாவரும் இறைவனின் சாயல் என்ற போதனையையே அரிக்கும். ஆகவே 'இது ஒழுங்குதானே' என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் நின்று யோசிக்கிறேன்.

இனி ஆச்சியின் வட்டி. இங்கேதான் என் பதில் சறுக்கியது. 1179இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிய வட்டித்தொழில் செய்கிறவருக்கு நற்கருணையும் இல்லை, கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்றது. 1311–12இல் பிரான்சின் வியன் நகரில் கூடிய சங்கம், வட்டி பாவமில்லை என்று பிடிவாதமாகச் சாதிப்பவரைத் தப்பறைக்காரராகவே, அதாவது திருச்சபையின் விசுவாசத்தை மறுப்பவராகவே, தண்டிக்கச் சொன்னது. இதைப் போய் ஒழுங்குமுறை என்று எப்படிச் சொல்வது?

அன்றைய வாதத்தைக் கேட்டால் விஷயம் விளங்கும். பஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டை நெல் கடன் கேட்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டால் வீடு அப்படியே திரும்பி வரும், நடுவில் குடியிருந்ததற்கு வாடகை கேட்பது நியாயம். உண்ட நெல்லோ திரும்பாது. அதற்கு ஈடாக வேறு நெல்லையும் வாங்கிக்கொண்டு, 'உண்டதற்கு வாடகை' என்று இன்னொரு மரக்காலும் கேட்டால், ஒன்றையே இருமுறை விற்றதாகும். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் திராட்சை ரசத்தையும் வீட்டையும் வைத்து இப்படித்தான் வாதிட்டார். பணமும் அன்று பெரும்பாலும் தேவைக்கு வாங்கிச் செலவழித்துத் தீர்க்கும் பொருள்.

ஆனால் கடன் கொடுத்ததால் எனக்கு நஷ்டம் வந்தாலோ, அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டுக் கிடைத்திருக்கக்கூடிய லாபம் கைநழுவினாலோ, அதற்கு ஈடு கேட்கலாம் என்று இறையியலாளர்கள் படிப்படியாக ஒத்துக்கொண்டார்கள். அதே பதினான்காம் பெனடிக்ட் 1745இல் இத்தாலிய ஆயர்களுக்கு எழுதிய மடலில் இரண்டும் இருக்கிறது: கடன் என்ற ஒன்றுக்காகவே மேல்பணம் வாங்குவது பாவம், வெளியே வேறு நியாயமான காரணம் இருந்தால் அது வேறு கணக்கு. பணம் முதலாக மாறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறிய உலகில், அந்த 'வேறு காரணம்' இல்லாத கடன் அரிது. 1830 முதல் உரோமை, சட்டம் இடம் கொடுத்த வட்டியை வாங்குவோரைப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது) தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பதில் எழுதிவந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு நியாயமான வட்டிக்கு வெளிப்படையாகவே இடம் விட்டது. ஆச்சி கேட்ட வாட்டிகன் பேங்க் 1942இல் வந்தது.

போதனை என்ற முதல் அப்படியே இருக்கிறது, நடப்புதான் மாறியது என்று இதைச் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் 13ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் காரைக்குடி செக்காலை ரோட்டில் நிரந்தர வைப்பு ரசீதோடு நிற்கும் கத்தோலிக்கரைப் பார்த்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார். அந்தச் சுளிப்பை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆண்டு எண்ணைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு தவறு. மாதாவின் விண்ணேற்பு, அதாவது அவர் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுக்கப்பட்டார் என்பது, 1950இல் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. உடனே '1950இல் கண்டுபிடித்தார்கள்' என்பார்கள். தென்தமிழகத்தில் காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதாவுக்கு, அதாவது விண்ணேற்பு மாதாவுக்கு, கோயில் எழுந்தது அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னால். அறிவித்த நாள் வேறு, நம்பத் தொடங்கிய நாள் வேறு. 1854இல் அறிவித்த அமல உற்பவம் சற்றுச் சிக்கலானது. அதை அக்வினாஸே ஏற்கத் தயங்கினார், அவருக்குப் பின் வந்த இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் விடை தேடினார், தீர்ப்பு வர நூற்றாண்டுகள் ஆயின. (அமல உற்பவம் என்பது இயேசுவின் பிறப்பைக் குறிப்பதாக நினைப்பவர்கள் கோயிலுக்குள்ளேயே இருக்கிறார்கள், அது மாதா தம் தாயின் வயிற்றில் பாவ மாசின்றி உருவானதைக் குறிப்பது.) குழந்தை வளர்ந்து ஆளானாலும் ஆள் அதே ஆள்தான் என்று லெரின்ஸ் தீவுத் துறவி வின்சென்ட் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதினார். வளர்ச்சி என்ற சொல்லைத் திருச்சபை நேற்று இரவல் வாங்கவில்லை.

திருத்தந்தை வாய் திறந்தாலே வழுவாத போதனை என்று எண்ணுவதும் தவறு. விமானத்தில் பத்திரிகையாளரிடம் சொன்னதை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: திருத்தந்தை எப்போது வழுவாமல் போதிக்கிறார் என்ற வரம்பை 1870இல் முதல் வாட்டிகன் சங்கம் வகுத்த பிறகு, திருத்தந்தை அந்த அதிகாரத்தோடு அறிவித்தது 1950இல் ஒரே முறை.

கடைசியாக, கடினமானவற்றை நழுவவிட்டுப் பேசும் தவறு. மதச் சுதந்திரத்தைக் கண்டித்து திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) 1864இல் எழுதியதையும், அதை மனிதரின் உரிமை என்று ஏற்று 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வாட்டிகன் சங்கம் வெளியிட்ட அறிக்கையையும் அருகருகே வைத்துப் படித்தால், முந்தையதன் இயல்பான வளர்ச்சி பிந்தையது என்று சொல்ல நிறைய உழைக்க வேண்டும். உழைத்தவர்கள் உண்டு, அது முடியாது என்று பிரிந்து போனவர்களும் உண்டு. மரண தண்டனையை 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் முழுதாக ஒதுக்கவில்லை. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் 2267ஆம் எண்ணை மாற்றி, அதை ஏற்க முடியாது என்று எழுதச் செய்தார். இங்கே மாற்றமே இல்லை என்று சொல்கிறவரை நான் என் வகுப்புக்கு அழைக்கமாட்டேன்.

மறுவாரம் இதையெல்லாம் ஆச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கந்துவட்டி?" என்றார்.

மாற்றிய அந்த எண்ணுக்கு இரண்டு எண் தள்ளி, 2269இல் இருப்பதைச் சொன்னேன்: பேராசையும் கொடுவட்டியுமாக நடந்து பிறரைப் பசிக்கும் சாவுக்கும் தள்ளுகிறவர் மறைமுகமாகக் கொலை செய்கிறார்.

"அது மாறவில்லையா?"

"இல்லை, ஆச்சி."

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.