காலையில் கூடுதல், மாலையில் குறைவு: பைரனோமீட்டரைச் சரிசெய்த அனுபவம்

மேகமே இல்லாத நாளில் கதிர்வீச்சு வரைகோடு உச்சிவேளைக்கு இருபுறமும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். எங்கள் கூரையில் இருந்த பைரனோமீட்டர், அதாவது சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவி, காலையில் தாராளமாகக் காட்டியது, மாலையில் கஞ்சத்தனம் பண்ணியது. கருவி கிழக்கே சாய்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ரசமட்டக் குமிழியும் வட்டத்தின் மேற்கு விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. தாங்கியில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, கால் திருகுகளைத் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

வரைகோடு சீரானாலும் மொத்த அளவு குறைவாகவே இருந்தது. கண்ணாடிக் குவிமாடத்தை மென்துணியால் துடைத்தேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஆரஞ்சு நிறம் போய் வெளுத்திருந்தது, மாற்றினேன். இதைக் கவனிக்காவிட்டால் குவிமாடத்தின் உட்புறத்தில் ஈரம் படியும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது.

அப்புறம்தான் அளவுதிருத்தம். சமீபத்தில் அளவுதிருத்திய இன்னொரு பைரனோமீட்டரை அதே மட்டத்தில் பக்கத்தில் வைத்து, தெளிவான நாட்களில் இரண்டையும் பதிவு செய்தேன். சூரியன் தாழ்ந்திருந்த நேரத்து அளவுகளை ஒதுக்கிவிட்டேன். சாய்வாக விழும் ஒளியைக் கருவி சரியாக அளக்காததால் வரும் கோசைன் பிழை அப்போதுதான் அதிகம். நம் கருவி தரும் மைக்ரோவோல்ட்டை, ஆதாரக் கருவி காட்டும் வாட்/சதுர மீட்டரால் வகுத்தால் புதிய உணர்திறன் கிடைக்கும். அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகரில் அதை மாற்றினேன்.

இரவில் சில வாட் மைனஸில் காட்டுவது கோளாறு அல்ல. குவிமாடம் குளிர்ந்த வானத்துக்கு வெப்பத்தை இழப்பதால் வருவது அது. பலர் அதைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். நான் அப்படியே விட்டுவைப்பேன். திடீரென்று அது மாறினால் உடனே கூரைக்கு ஏறிப் பார்க்கலாம்.