கத்தோலிக்கப் பள்ளிக்குச் செய்திமடல் போடப் போகிறீர்களா? முதலில் ஒரு பெயர் நோட்டு வாங்குங்கள்

செய்திமடல் வேலை பெரும்பாலும் கேட்டு வாங்குவது இல்லை, தலையில் விழுவது. ஆசிரியர் கூட்டம் முடிகிற நேரத்தில் "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், முதல்வர் தலையாட்டுவார், மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் இரண்டு வருடம் நான் போட்ட மடல்களை இப்போது புரட்டினால் வெட்கமாக இருக்கிறது. மேடை, விருந்தினர், கோப்பையுடன் மாணவர்கள். அடுத்த மாதமும் மேடை, விருந்தினர், கோப்பை. பேச்சுப் போட்டியில் ஜெயித்த பையனே ஓட்டப்பந்தயத்திலும் ஜெயித்து, பாடகர் குழுவிலும் நின்று, திருப்பலியில் (பூசையில்) வாசகமும் வாசித்தால் நான்கு பக்கத்திலும் அவன் முகம்தான். "ஸ்கூல்ல இவனைத் தவிர வேற ஆளே இல்லையா?" என்று ஒரு அம்மா கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அவருடைய மகள் ஏழு வருடமாக அங்கே படிக்கிறாள், ஒரு தடவைகூட அவள் பெயர் மடலில் வந்ததில்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்து எல்லா மாணவர் பெயரையும் எழுதுங்கள், கூடவே ஆசிரியர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளி, பேருந்து ஓட்டுநர், சிற்றாலயத்தைக் கவனித்துக்கொள்பவர் என ஒருவரையும் விடாமல். யாருடைய பெயரோ படமோ வந்தாலும் அந்த மாதத்தை அவர் பெயருக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேர வேலைதான், சலிப்பான வேலைதான். ஆனால் நாலு இதழ் போன பிறகு நோட்டைத் திறந்தால் எந்த வரிசை காலியாகக் கிடக்கிறது என்று தெரியும், அடுத்த இதழுக்கு யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு நாட்காட்டி

கத்தோலிக்கப் பள்ளியில் இரண்டு வருடங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று பாடத்திட்டத்தின் வருடம், இன்னொன்று திருச்சபையின் விழாக்களும் காலங்களும் அடங்கிய திருவழிபாட்டு வருடம். இரண்டாவது சனவரியில் தொடங்காது, பள்ளி திறக்கும் நாளிலும் தொடங்காது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் தொடங்கும். அந்த ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். உயிர்ப்புப் பெருவிழாவோ (ஈஸ்டர்) இன்னும் அதிகமாக நகரும், மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால், நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் என்ற நோன்புக் காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதன். தவக்காலம் நாற்பது நாள்தானே என்று யாராவது கேட்டால், ஞாயிறுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஒரு வருடம் நான் பார்க்காமல் விட்டேன். வகுப்புக் கொண்டாட்டம் ஒன்றை "அனைவரும் விருந்துக்கு வருக" என்று பெரிய எழுத்தில் போட்டு, தேதியைப் பார்த்தால் அது திருநீற்றுப் புதன். நோன்பும் புலால் தவிர்ப்பும் உள்ள நாள். பங்குத்தந்தை திட்டவில்லை, "சாம்பலைப் பூசிக்கிட்டு வரணுமா, பூசாம வரணுமா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து இரண்டு நாட்காட்டியையும் ஒரே தாளில் வரைந்து மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். தேர்வு நீல மையில், விழாக்கள் சிவப்பு மையில். புனித வெள்ளியையும் மறக்காமல் குறித்துவிடுங்கள்.

புனிதர்களின் நாட்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் போட நினைக்காதீர்கள், மடல் பஞ்சாங்கமாகிவிடும். பள்ளியின் பாதுகாவலரான புனிதர், பள்ளியை நடத்தும் துறவற சபையின் நிறுவனர் இரண்டும் கட்டாயம். அது போக வருடத்துக்கு மூன்று நான்கு போதும். சனவரி 28 புனித தாமஸ் அக்குவினாஸ், இவர் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் மாணவர்களுக்கும் பாதுகாவலர். சனவரி 31 புனித ஜான் போஸ்கோ. ஏப்ரல் 7 புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், 1950இல் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ் இவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அக்டோபர் 2 காவல் தூதர்கள் விழா, சின்ன வகுப்புகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பெரிய வகுப்புகளுக்குக் கார்லோ அக்குதிஸ்: 1991இல் பிறந்து 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த பையன், திருப்பலியில் பெறும் நற்கருணை தொடர்பான அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் செய்தவன், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டான். கணினி விளையாட்டு விளையாடிய ஒரு புனிதர் என்றதும் எட்டாம் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் "இவர் இன்ன ஊரில், இன்ன பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார்" என்று தொடங்காதீர்கள், அதை யாரும் படிப்பதில்லை. ஒரே ஒரு காட்சியை எடுங்கள். ஜான் போஸ்கோ என்றால், சிறுவனாக இருந்தபோது கழைக்கூத்தாடி வித்தைகளைக் கற்றுக்கொண்டு, மற்ற பையன்களைக் கூட்டி வித்தை காட்டி, அன்றைய பிரசங்கத்தைத் திருப்பிச் சொல்லுவார் என்பது போதும். உங்களுக்கென்றே ஒருவரும் இருக்கிறார், புனித பிரான்சிஸ் சலேசியார். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், யாரும் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வராத ஒரு பகுதியில், சொல்ல வந்ததைத் தாள்களில் எழுதி வீட்டுக் கதவுகளுக்கு அடியில் செருகிவிட்டுப் போனவர். 1923இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் இவரை எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாவலராக்கினார். இவருடைய நாள் சனவரி 24. மடல் அச்சுக்குப் போகிற நேரத்தில் பிரிண்டர் நின்றுவிட்டால் நான் கூப்பிடுவது இவரைத்தான்.

செய்தி எங்கே கிடைக்கும்

"செய்தி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தரவும்" என்று ஆசிரியர் அறையில் ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அறிவிப்பு மட்டும் மூன்று மாதம் தொங்கியது. செய்தி நடந்து வராது, நீங்கள்தான் போக வேண்டும். அதிலும் "ஏதாவது செய்தி இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லையே" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் செய்தி என்றால் கோப்பை, விருந்தினர், மேடை என்று நாமே எல்லாரையும் பழக்கி வைத்திருக்கிறோம்.

வேறு மாதிரி கேளுங்கள். காவலாளியிடம்: காலையில் முதலில் வருவது யார்? நூலகரிடம்: எந்தப் புத்தகம் திரும்பி வரவே மாட்டேன் என்கிறது? பாடகர் குழுவை நடத்தும் சிஸ்டரிடம்: எந்தப் பாட்டில் எல்லாரும் தவறாமல் தப்புச் செய்கிறார்கள்? திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவர்களிடம் மணியை எப்போது அடிக்க மறந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டு அரைப் பக்கம் சொல்லுவார்கள்.

வகுப்புக்கு இரண்டு மாணவ நிருபர்கள் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கையெழுத்துக்காரரையோ முதல் மதிப்பெண்காரரையோ எடுக்காதீர்கள், மற்றவர்களைப் பற்றி ஓயாமல் பேசுகிற பிள்ளையை எடுங்கள். "இந்த வாரம் யார் நல்ல செயல் செய்தார்கள்?" என்று அவர்களிடம் கேட்டால் ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்புப் பதில்தான் வரும், எல்லாரும் எல்லாருக்கும் உதவினார்கள் என்று. "இந்த வாரம் வகுப்பே சேர்ந்து சிரித்தது எப்போது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் ஆள் இருக்கும், இடம் இருக்கும், நடந்தது இருக்கும். உதவி செய்தவனும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருப்பான்.

எழுதும்போதும் அப்படித்தான். "தவக்காலத்தை முன்னிட்டு மாணவர்கள் தாராளமாகத் தருமம் செய்து மகிழ்ந்தனர்" என்று நான் எழுதியிருக்கிறேன். எந்தப் பள்ளிக்கும், எந்த வருடத்துக்கும் பொருந்தும் வாக்கியம், அதனால் எங்கள் பள்ளிக்குப் பொருந்தாது. அதே செய்தி: "ஐந்தாம் வகுப்பின் தவக்கால உண்டியலைத் திறந்தபோது சில்லறைக்கு நடுவே ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தது. போட்டது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. எண்ணி முடிக்க ஒரு பாடவேளை ஆயிற்று, மூன்று தடவை எண்ணியும் மூன்று தொகை வந்தது." இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வகுப்பும் தன் உண்டியலைக் குலுக்கிப் பார்த்தது. விருந்தினர் பட்டியல் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால் போடுங்கள், சண்டை வேண்டாம், ஆனால் கடைசிப் பத்தியில் போடுங்கள்.

இன்னொன்று. இந்தப் பள்ளிகளில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் படிக்கிறார்கள், பல இடங்களில் அவர்கள்தான் அதிகம். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையே, கத்தோலிக்கர் அல்லாதவர்களும் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் திருச்சபைக்கு மிகவும் அன்புக்குரியவை என்று சொல்கிறது. மடலிலும் அது தெரிய வேண்டும். புதுநன்மை, உறுதிப்பூசுதல், ஒப்புரவு என்றெல்லாம் எழுதும்போது பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் கொடுங்கள், பாதி வீடுகளில் அந்தச் சொற்கள் புதிது. "பிற மத மாணவர்களும் கலந்துகொண்டனர்" என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்வதாக நினைப்பீர்கள், படிக்கிற பிள்ளைக்கு வாசலில் நிறுத்தியது போல இருக்கும். அவர்களும் மாணவர்கள்தான், பெயரைச் சொல்லி எழுதினால் போதும்.

போடக் கூடாதவை

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்ய, வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். யார் போனார்கள், யார் போகவில்லை என்பது மடலின் வேலை இல்லை. கட்டணச் சலுகை பெற்றவர், உதவி வாங்கிய குடும்பம், இவற்றையும் தொடாதீர்கள், கொடுத்தவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சரி. நோயுற்றவர்களுக்கான மன்றாட்டில் நோயின் பெயர் வேண்டாம், ஆளின் பெயரும் கேட்டுவிட்டுத்தான்.

பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரிடம் வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். படமும் முழுப் பெயரும் சேர்ந்து வரக் கூடாது, வீடு எங்கே, எந்தப் பேருந்து என்பது எந்த வடிவத்திலும் வரக் கூடாது. சில வீடுகள் படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று சொல்லும், காரணம் சொல்ல மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். என் நோட்டில் அப்படி ஒரு பெண்ணின் வரிசை கடைசிவரை காலிதான். சின்னச் சின்னப் படங்கள் வரைவாள் என்று தெரிந்ததும், வீட்டில் கேட்டுவிட்டு, பக்க எண்களைச் சுற்றி வரையச் சொன்னேன். அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது, பெயர் இல்லாமல்.

மரணச் செய்தியில்தான் நான் பெரிதாகத் தவறினேன். ஆசிரியை ஒருவரின் தாயார் இறந்திருந்தார். அவசரத்தில், இறைவனடி சேர்ந்தார் என்ற வரியில் தாயாரின் பெயருக்குப் பதிலாக ஆசிரியையின் பெயர் போய்விட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் என்னைத் தேற்றி அனுப்பினார், அது இன்னும் மோசமாக இருந்தது. இப்போது மரணச் செய்தியை அச்சுக்கு முன்னால் குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன்: பெயர், உறவு, தேதி, நினைவுத் திருப்பலியின் நேரம், எல்லாம். இறந்தோருக்காகச் செபிக்கும் மாதமான நவம்பருக்குப் பட்டியல் போடும்போதும் இதே கவனம் வேண்டும். தவறு நேர்ந்தால், எந்தப் பக்கத்தில் நேர்ந்ததோ அதே பக்கத்தில் அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள், மூலையில் ஒளிக்காதீர்கள்.

வடிவம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏ4 அளவில் நான்கு பக்கம் போதும். பலர் கைபேசியில்தான் படிப்பார்கள் என்பதால் பக்கத்தை நெடுக்காகப் பிரிக்காமல் ஒரே பத்தியாக, பெரிய எழுத்தில் வையுங்கள், யூனிகோடு எழுத்துருவே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் நகலெடுத்து ஒட்டும்போது எழுத்தெல்லாம் கந்தலாகிவிடும். நாளைக்கு விடுமுறை, சீருடை மாற்றம் போன்ற அவசரங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகட்டும், மடலில் வேண்டாம். முதல்வரும் ஆன்ம வழிகாட்டியும் பார்த்துத் தர இரண்டு நாள் கொடுங்கள், மூன்றாம் நாள் நீங்களே போய் மேசைக்கு முன்னால் நில்லுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே கிழமையில் வெளியிடுங்கள், தாமதமானால் பக்கத்தைக் குறையுங்கள், நாளை மாற்றாதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு இதழிலும் இரண்டு அச்சுப் பிரதி தனியாக எடுத்து வையுங்கள், ஒன்று நூலகத்துக்கு, ஒன்று அலுவலக அலமாரிக்கு. வெள்ளி விழா, பொன்விழா என்று வரும்போது குழு போட்டுப் பழைய படங்களைத் தேடுவார்கள், படம் இருக்கும், அதில் இருப்பது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. வெளியே போகும் மடலில்தான் படத்தோடு பெயர் கூடாது. அனுமதி தந்தவர்களுக்கு, அலமாரியில் பூட்டி வைக்கும் பிரதியில் இடமிருந்து வலமாக எல்லாப் பெயரும் இருக்கட்டும், பென்சிலில் வேண்டாம், மையில் எழுதுங்கள், பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிகிற பிள்ளையின் பெயரையும் சேர்த்து.