சொத்தை எழுதிக் கொடுக்கிறவர் எங்கே கோட்டை விடுகிறார்?

பத்திரம் என்றாலே எச்சரிக்கை எல்லாம் வாங்குகிறவருக்குத்தான். வில்லங்கம் போட்டுப் பார், தாய்ப்பத்திரம் கேள், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார். எழுதிக் கொடுக்கிறவருக்குச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: ஆதாரை எடுத்துக்கொண்டு காலையில் வந்துவிடுங்கள். ஆனால் கையெழுத்தான நிமிடத்தில் கையைவிட்டுப் போவது அவருடைய சொத்து. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புதிதாகப் பத்திரம் எழுத வருகிற பிள்ளைகளும், அப்பா நிலத்தைப் பேருக்கு மாற்றிக்கொள்ள வருகிற பிள்ளைகளும் அதே பழைய பள்ளங்களில்தான் விழுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, கதவு எண் விட்டுப்போனது மாதிரியானவை இங்கே வராது. அவற்றைப் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். திருத்தவே முடியாதவையும், திருத்தப் போனால் கோர்ட்டில் கொண்டுபோய் விடுபவையும் மட்டும் பார்க்கலாம்.

பாசத்தின் பேரில் மொத்தத்தையும் விட்டுக்கொடுப்பது

காவேரிப்பட்டணம் பக்கம் 3 ஏக்கர் மாந்தோப்பு, அதிலேயே ஓட்டு வீடு, ஒரு கிணறு. வயதானவர் மகன் பேருக்கு தான செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம், எழுதுகிறார். கிரயமாக, அதாவது விற்பனையாக, எழுதினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, அதாவது அரசு வைத்திருக்கும் நில மதிப்பு, 60 லட்சம் என்றால் 5,40,000 ரூபாய். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய கணக்கு இது. ஆக மொத்தம் 50,000-த்தில் வேலை முடிகிறது. செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எல்லாரும் செட்டில்மெண்ட்டை நோக்கி ஓடுகிறார்கள். அதில் தப்பில்லை. தப்பு, கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய மாதிரியைத் திறந்து பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றுவதில் இருக்கிறது.

அந்த மாதிரியில் என்ன இருக்கிறது? "உன் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுத்து இன்றே சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டேன். இனி நீயே தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி எனக்கோ என் பின்னிட்ட வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை. இதை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன்." எழுதிக் கொடுப்பவர் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறார், அந்தத் தோப்பின் பெங்களூரா காயை விற்றுத்தான் மருந்து வாங்குகிறார். பத்திரமோ அவருக்கு அங்கே ஒரு மூலை கூட இல்லை என்கிறது. இதைப் படித்துக் காட்டாமலே கைரேகை வாங்குகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

உட்பிரிவு தேவைப்படாத முழு சர்வே எண் என்றால் பதிவோடு பட்டாவும் மகன் பேருக்குப் போய்விடும். விவசாயிகளுக்கு வருஷந்தோறும் வரும் பி.எம். கிசான் உதவித்தொகை 6,000 ரூபாயும் பெரியவருக்கு நிற்கும், ஏனென்றால் அவர் இனி நிலம் உள்ளவர் இல்லை. 1.2.2019-க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்கு, இறப்பால் வாரிசுக்கு வந்தால் தவிர, புதியவருக்கும் அது கிடைக்காது. தகப்பனுக்கும் இல்லை, மகனுக்கும் இல்லை. நாலைந்து வருஷம் கழித்து மகன் தோப்பை பாங்கில் வைக்கிறார், அல்லது சூளகிரி பக்கத்து நில விலையைக் கேட்டு விற்றுவிடுகிறார். அப்போதுதான் பெரியவர் வந்து கேட்கிறார்: "நான் குடுத்ததுதானே, நானே ரத்து பண்ணிக்கிறேன்."

முடியாது. செட்டில்மெண்ட் எழுதியவர் தனியாக வந்து ரத்துப் பத்திரம் கொடுத்தால் சார்பதிவாளர் அதைப் பதிவு செய்ய அதிகாரம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-ல் சொல்லிவிட்டது. பின் சிவில் வழக்கு போடவேண்டும், அல்லது 60 வயதைத் தாண்டியவர் என்றால் 2007-ஆம் வருஷத்து பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு கொடுக்கவேண்டும். இங்கே அது தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நான்கு கோட்டங்கள்.

அந்த 23-ஆம் பிரிவு எப்போது உதவும்? அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் சொத்து மாறியிருந்து, வாங்கியவர் அதைச் செய்யாதபோது. நிபந்தனை இருந்ததைக் காட்டாமல் இந்தப் பிரிவைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோரைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகப் படிக்கவேண்டும் என்று சொல்லி தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. இரண்டு தீர்ப்பையும் வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் வாதாடும். பத்திரத்திலேயே நாலு வரி இருந்திருந்தால் வாதாட ஒன்றும் இருந்திருக்காது.

அந்த நாலு வரி இப்படி இருக்கலாம் (தபசில் என்றால் பத்திரத்தில் வரும் சொத்து விவரப் பட்டியல்): "தபசில் சொத்தில் உள்ள வீட்டில் நானும் என் மனைவியும் எங்கள் இருவர் ஆயுட்காலம் வரை குடியிருந்துகொள்வதென்றும், தோப்பின் மகசூலை நாங்களே எடுத்துக்கொள்வதென்றும், எங்கள் உணவு, உடை, மருத்துவச் செலவுகளை நீ ஏற்றுப் பராமரிக்க வேண்டுமென்றும், தவறினால் இந்த செட்டில்மெண்ட்டை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டென்றும், இந்த நிபந்தனைகளை நீ ஒப்புக்கொண்டதன் பேரில் எழுதிக் கொடுத்தது." பழைய மாதிரியில் உள்ள "எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன்" வரியை மறக்காமல் எடுத்துவிடவேண்டும். இரண்டும் ஒரே பத்திரத்தில் இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

இதில் மூன்று இடம் கவனம். முதலாவது, "என் மனைவியும்" என்ற சொல். சொத்து கணவர் பேரில் இருந்து, அவருக்கு மட்டும் ஆயுட்கால உரிமை எழுதினால், அவர் போன மறுநாள் அம்மாவுக்கு அந்த வீட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது, ரத்து செய்யும் உரிமை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 126-ஆம் பிரிவுப்படி, இருதரப்பும் ஒப்புக்கொண்ட, கொடுத்தவரின் விருப்பத்தை மட்டுமே சார்ந்திராத ஒரு நிகழ்வுக்குத்தான் தானத்தை ரத்தாக வைக்கலாம். பராமரிக்கத் தவறுவது அப்படிப்பட்டது. "எனக்கு இஷ்டமில்லாதபோது ரத்து" என்று எழுதினால் அந்த தானமே செல்லாது. மூன்றாவது, நிபந்தனையை ஒப்புக்கொண்டதற்கு மகனும் அதே பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கும் அதுவே சாட்சி.

சுவாதீனம், அதாவது சொத்தின் கைவசம், கொடுக்காவிட்டால் தானம் செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆயுட்கால அனுபோகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எழுதிய தானம் செல்லும் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இன்னொரு நன்மையும் உண்டு: இந்த வரிகள் இருந்தால், மகனிடமிருந்து வாங்க வருகிறவர் பத்திர நகலைப் பார்த்ததுமே தயங்குவார். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று பிறகு சொல்லவும் அவருக்கு வழியில்லை.

மகன் முகம் சுளிப்பான் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அப்படியென்றால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தீர்வை கிடையாது, பதிவு கட்டாயம் இல்லை, உயிரோடு இருக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் மட்டும் கட்டாயம்.

பூர்வீகத்தைச் சுயசம்பாத்தியம் மாதிரி கொடுப்பது

பட்டா அப்பா பேரில் தனிப்பட்டாவாக இருக்கிறது, அதனால் முழுதும் அவருடையது என்று முடிவு கட்டுவது. பட்டா வரி கட்டுகிறவரைக் காட்டும். உரிமையின் வேர் தாய்ப்பத்திரத்தில் இருக்கிறது. அவருக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். கிரயம், அவர் பேருக்கு எழுதிய உயில் என்றால் பொதுவாகத் தனிச்சொத்து. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தாத்தா தன் சுயசம்பாத்தியத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்து, வாரிசு முறையில் வந்திருந்தாலும் தனிச்சொத்தே. ஆனால் பூர்வீகத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினையில் வந்தது என்றால், அதில் அவர் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. பெண் பிள்ளைகளுக்கும்தான். தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் அன்று கல்யாணமாகாத பெண்களுக்கு, 9.9.2005 முதல் எல்லாப் பெண்களுக்கும்.

கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தை அன்பின் பேரில் ஒருவருக்குத் தானமாகக் கொடுக்க அப்பாவுக்கு அதிகாரமில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. தர்ம காரியத்துக்கு நியாயமான சிறு பகுதி என்பது வேறு. ஒரு மகனுக்கே போகவேண்டும் என்று எல்லாரும் உண்மையிலேயே சம்மதித்தால், மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். அக்காவை வெறும் சாட்சியாக நிறுத்திக் கையெழுத்து வாங்கினால் அவர் பங்கு போய்விடாது. இந்தக் குறுக்கு வழியைச் சொல்லிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தபசிலை அப்படியே நகல் எடுப்பது

இந்த ஊர்களுக்கே உரிய தொல்லை. 1965 வரை இதெல்லாம் சேலம் மாவட்டம். பிறகு தர்மபுரி. 2004-ல் கிருஷ்ணகிரி தனியானது. இடையில் வட்டங்களும் பிரிந்தன, சார்பதிவகங்களும் மாறின. பழைய பத்திரத்தில் "சேலம் ஜில்லா, ஓசூர் தாலுக்கா" என்று இருப்பதைத் தட்டச்சு செய்துவிட்டு, வில்லங்கத்தை இப்போதைய சார்பதிவகத்தில் மட்டும் போட்டுப் பார்த்தால் பழைய அடமானம் தெரியாமலே போகும். கிராமம் முன்பு எந்த அலுவலகத்தில் இருந்தது என்று கேட்டு அங்கேயும் பாருங்கள். தபசிலில் பழைய சர்வே எண், புதிய சர்வே எண், உட்பிரிவு மூன்றும் வரட்டும். 2 ஏக்கர் என்றால் பக்கத்திலேயே 0.81.0 ஹெக்டேர். நாலு பக்க செக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், இப்போதைய பக்கத்து நிலக்காரர் பெயர் இருக்கட்டும். இரண்டு தலைமுறைக்கு முந்தைய பெயரை வைத்துக்கொண்டு எல்லை காட்ட முடியாது.

கிணற்றில் எத்தனை பங்கு, எந்த மின் இணைப்பு எண், வண்டிப்பாதை எத்தனை அடி அகலம், எந்தப் பக்கமாக. எழுதிக் கொடுப்பவர் மீதி நிலத்தை வைத்துக்கொள்கிறார் என்றால், அந்த மீதிக்குப் போகத் தனக்கும் தடம் உண்டு என்று அவர்தான் எழுதச் சொல்லவேண்டும். பாதி நிலத்தைக் கொடுத்துவிட்டு மீதிக்கு வரப்பில் நடந்து போகிறவர்கள் பென்னாகரம் பக்கத்திலும் உண்டு, ஊத்தங்கரை பக்கத்திலும் உண்டு.

மருமகன், மருமகள் பேரில் செட்டில்மெண்ட்

அந்த 1 சதவீதச் சலுகைக்கான குடும்பம் என்ற வரையறையில் அவர்கள் இல்லை. தீர்வை 7 சதவீதம் கட்டவேண்டி வரும். மகள் அல்லது மகன் பேரில் எழுதுங்கள்.

மைனர் பேரன் பேரில் எழுதுவது

எழுதலாம். ஆனால் அவனுக்கு 18 ஆகும் வரை விற்க வேண்டுமானால் கோர்ட் அனுமதி வேண்டும். படிப்புச் செலவுக்கு விற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு எழுதாதீர்கள்.

பவர் கொடுத்துவிட்டு மறப்பது

பவர் என்பது நம் சார்பில் இன்னொருவர் செயல்படக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். கொடுத்தவர் இறந்ததும் பவர் செத்துவிடும். இருக்கும்போது வேண்டாமென்றால் ரத்தைப் பதிவு செய்து, ஏஜெண்டுக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள்.

முன்பணத்தை ரொக்கமாக வாங்குவது

கிரயத்துக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விழுவது பணம் வாங்கியவர், அதாவது எழுதிக் கொடுப்பவர் தலையில். இருவருமே விவசாய வருமானம் உள்ளவர்கள், இருவருக்குமே வரிக்குட்பட்ட வருமானம் இல்லை என்றால் மட்டும் விலக்கு. ஓசூரிலிருந்து வாங்க வருகிற கம்பெனிக்காரருக்கு அந்த விலக்கு பொருந்தாது.

அறக்கட்டளை ஆரம்பித்துவிட்டு நிலத்தைத் தராமல் இருப்பது

1,000 ரூபாய் மூலதனம் போட்டு அறக்கட்டளைப் பத்திரம் பதிவாகிறது. நிலம் "அறக்கட்டளைக்கானது" என்று ஊரில் பேச்சு. பட்டாவும் பத்திரமும் நிறுவியவர் பேரிலேயே கிடக்கின்றன. அவர் காலமானதும் வாரிசுகள் பாகம் கேட்கிறார்கள், கிடைத்தும் விடுகிறது. அசையாச் சொத்தை அறக்கட்டளைக்கு ஆக்குவதென்றால் எழுத்தில், பதிவான ஆவணத்தில், அந்தச் சொத்தின் தபசிலோடு, அறங்காவலர் பேருக்கு மாற்றித் தரவேண்டும்.

உடல்நலமில்லாத பிள்ளைக்காகத் தனியார் அறக்கட்டளை வைக்கிற பெற்றோர் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ரத்து செய்யும் அதிகாரத்தைப் பத்திரத்தில் வெளிப்படையாக வைத்துக்கொள்ளாவிட்டால், பயனாளிகள் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். பயனாளி மைனர் என்றால் சம்மதம் தரவே முடியாது. அதிகாரத்தை வைத்துக்கொண்டால் அறக்கட்டளை வருமானத்துக்கான வரி நிறுவியவர் கணக்கில் சேரும். இரண்டில் எது தேவை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அப்பாவே ஒரே அறங்காவலராக இருந்தால், அவருக்குப் பிறகு யார், அவரும் இல்லையென்றால் யார் என்று இரண்டு அடுக்காவது எழுதுங்கள்.

சாட்சியும் கையெழுத்தும்

தானத்துக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். பத்து வருஷம் கழித்து வழக்கு வந்தால் கூண்டில் ஏறப்போவது அவர்கள்தான். அலுவலக வாசலில் நிற்கிற யாரையோ பிடிக்காமல், எழுதிக் கொடுப்பவரைத் தெரிந்த, அவரைவிட வயது குறைந்த இருவரை அழைத்து வாருங்கள். சொத்தில் பங்கோ ஆதாயமோ உள்ளவர் வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுகிற பெரியவர்கள் தமிழ்ப் பத்திரத்தில் கையெழுத்தோ ரேகையோ வைக்கிறார்கள். "இன்னாரால் எனக்குப் படித்துக் காட்டி, என் தாய்மொழியில் விளக்கப்பட்டது" என்று எழுதி, விளக்கியவரும் கீழே கையெழுத்துப் போடட்டும். அது இல்லாத பத்திரத்தில், என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது என்று சொல்வது சுலபம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கவும் வேண்டாம், அவசரத்துக்கு பவர் வாங்கவும் வேண்டாம். மனு கொடுத்து, உரிய கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார். அப்படிப் பதிவாகும்போது, சுயநினைவோடு இருக்கிறார் என்று மருத்துவர் கொடுத்த சான்றை அதே தேதியில் வாங்கிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.