சீனத் தூரிகை எழுத்து: எந்தப் பாணியில் தொடங்குவது?

ஐந்து பாணிகளில் மூத்தது ஜுவான்ஷு (முத்திரை எழுத்து). ஆனாலும் கைஷு எனும் வழக்கமான திருத்த எழுத்தில் தொடங்குங்கள். கோடுகள் தனித்தனியே நிற்பதால் பிழை உடனே கண்ணில் படும். 'யோங்' (永, என்றென்றும்) என்ற ஒரே எழுத்தில் எட்டு அடிப்படைக் கோடுகளும் அடங்கும். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியைச் சற்றே எதிர்த்திசையில் தள்ளி, அழுத்தி இழுங்கள். முடிவில் நிறுத்தி உள்ளே திருப்புங்கள். தூரிகை சாய்ந்தால் ஒரு விளிம்பு பிசிறடிக்கும்.

சீனாவின் ஹான் அரச மரபுக் காலத்து லிஷு (எழுத்தர் பாணி) தட்டையாக, அகலமாக இருக்கும். கிடைக்கோட்டின் முடிவில் அலைபோல் எழும் வால் ஓர் எழுத்துக்கு ஒன்றுதான். இரண்டு போட்டால் அழகே கெட்டுவிடும். ஜுவான்ஷுவில் கோட்டின் கனம் சீராக வேண்டும். கோடுகளைச் சற்றே இணைத்து ஓட்டமாக எழுதும் சிங்ஷுவை, கைஷு கைக்குப் படிந்த பிறகு எடுங்கள். மிக வேகமாக எழுதும் சாவ்ஷு கடைசி: அதன் சுருக்க வடிவங்களைத் தனியே மனப்பாடம் செய்யவேண்டும்.

சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில், மை உறிஞ்சும் சீனத் தாளான சுவான் தாளில் மை ஊறிப் பரவும். தாளை நெகிழி உறையில் வையுங்கள், தூரிகையை மைக்கல் விளிம்பில் நன்றாக வழித்தெடுங்கள். மின்விசிறியடியில் மை கெட்டியானால் இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும்.