கல்யாண மண்டபத்துக்கு டெலி லென்ஸ் வாங்கும் முன்

எட்ட இருப்பதைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸுக்குக் கடையில் விலை விசாரிக்கும் முன் மண்டபத்தில் தூரத்தை அளந்து பாருங்கள். தாலி கட்டும் நேரம் மணவறைக்கு நேர்முன்னே உங்களுக்கு இடம் கிடைக்காது. ஐயர், தோழன், தோழி, வீடியோக்காரர், ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த மாமாமார் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். திருகோணமலை மண்டபங்களில் பக்கவாட்டில் ஒதுங்கினால் நாலு முதல் ஆறு மீற்றருக்குள் ஒரு சந்து கிடைக்கும். லென்ஸைத் தீர்மானிப்பது அந்தத் தூரம்தான்.

பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேம் கமராவில் ஆறு மீற்றரிலிருந்து 200 மி.மீ-இல் (இது லென்ஸின் குவியத் தூரம், கூடக் கூடக் கிட்டத் தெரியும்) நெடுக்காகப் பிடித்தால் 1.08 மீற்றர் உயரமும் 72 செ.மீ அகலமும் அடங்கும். பொம்பிளையின் மடியிலிருந்து தலை அலங்காரம் வரை நிறைந்து நிற்கும். 300 மி.மீ-இல் முகமும் அட்டியலும் மட்டும்தான் வரும். கோயில் கல்யாணத்துக்கு அவ்வளவு நீளம் வீண். நாலு மீற்றரில் 85 மி.மீ-ஐக் கிடையாகப் பிடித்தால் 1.7 மீற்றர் அகலம் வரும், சோடி இருவரும் தாராளமாக அடங்குவார்கள். தேவாலயக் கல்யாணம் வேறு கதை. பலிபீடத்துக்குக் கிட்டப் போக விடாவிட்டால் பத்து மீற்றருக்கு அப்பால் நிற்க வேண்டிவரும், அங்கேதான் 200 மி.மீ தன் காசை மீட்கும்.

நீளத்தைவிட லென்ஸில் வெளிச்சம் புகும் வாய்தான் முக்கியம். எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகத் திறக்கும். சீரியல் பல்பும் தொங்கு விளக்கும் மட்டும் எரியும் மண்டபத்தில் ஷட்டர் 1/200 செக்கன், எஃப் 2.8 வைத்தால் ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200 அளவில் வந்து நிற்கும். எஃப் 4 லென்ஸில் அதே வெளிச்சத்துக்கு 6400 வேண்டும், எஃப் 5.6-இல் 12800. மலிவான 70–300 ஸூம்கள் நீட்டிய முனையில் எஃப் 5.6-க்குத்தான் திறக்கும். கூறையின் சிவப்பும் சரிகையும் அந்த ஐ.எஸ்.ஓவில் மணல் கொட்டியது போலாகிவிடும். எஃப் 1.8 உள்ள லென்ஸிலோ 1250 போதும். லென்ஸின் நீளத்தைக் கூட்டப் பின்னால் பூட்டும் டெலி கன்வேர்ட்டர் 1.4 மடங்கு என்றால் ஒரு ஸ்டொப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும், 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டொப்பைத் தின்னும். இரவு வேலைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

“ஸ்டெபிலைசர் இருக்கிறது, எஃப் 4 போதும்” என்று விற்பவர் சொல்லுவார். ஸ்டெபிலைசர் அடக்குவது உங்கள் கை நடுக்கத்தை மட்டும். 1/60-இல் பொம்பிளையின் முகம் கூராக வரும், முடிச்சுப் போடும் மாப்பிள்ளையின் விரல்கள் கலங்கித்தான் வரும். தாலிக்கட்டுக்கு 1/200, அறுகரிசி போடும்போது 1/320, நடந்து வரும்போது 1/250-க்குக் குறையாமல் வைத்தால் நல்லது.

கையில் காசு குறைவென்றால் முதலில் 85 மி.மீ எஃப் 1.8 வாங்குங்கள். கெனனின் ஈ.எஃப் 85 வெறும் 425 கிராம். சென்சர் சிறிய ஏ.பி.எஸ்-சி கமராவில் அது 128 முதல் 136 மி.மீ போல நடந்துகொள்ளும், ஆறு மீற்றருக்கும் ஈடுகொடுக்கும். அடுத்த படி 70–200 எஃப் 2.8தான், பழையதானாலும் பரவாயில்லை. பழைய ஈ.எஃப் வகை ஒன்றரைக் கிலோ வரும், மூன்று மணி நேரச் சடங்கில் தோள் அதை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். கெனனின் மிரர்லெஸ் கமராக்களுக்கான ஆர்.எஃப் வகை ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். சோனிக்காரருக்கு டம்ரனின் முதலாவது 70–180 எஃப் 2.8 இருக்கிறது: 810 கிராம், ஆனால் லென்ஸுக்குள் ஸ்டெபிலைசர் இல்லை. 135 எஃப் 2 அழகான லென்ஸ், ஆனால் நகர இடமில்லாத மண்டபத்தில் ஸூம் இல்லாதது கையைக் கட்டிப்போடும்.

வாயை முழுதாகத் திறந்தால் வரும் ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 85 மி.மீ எஃப் 1.8-இல் இரண்டரை மீற்றரில் கூராக நிற்கும் ஆழம் ஒன்பது செ.மீ-தான். ஆறு மீற்றரில் 200 மி.மீ எஃப் 2.8 கொடுப்பது சுமார் பதினைந்து. மாப்பிள்ளை குனிந்து கட்டும்போது முன்னாலிருந்து எடுத்தால் ஒரு முகம் கூராகவும் மற்றது மங்கலாகவும் வரும். பக்கவாட்டில் நின்றால் இரண்டு முகங்களும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். பக்கவாட்டில் அந்தச் சந்து ஒன்றைத் தேடச் சொன்னது இதற்காகவும்தான்.

விளக்குகளின் சேட்டை தனி. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல டியூப்களும் மலிவு எல்.ஈ.டிகளும் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். 1/200-இல் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வந்தால் காரணம் அதுதான். துடிப்புக்கு ஏற்ப ஷட்டரை ஒத்திசைக்கும் ஆன்டி ஃபிளிக்கரைப் போடுங்கள், அது இல்லாத கமராவில் சடங்கு அசையாத நேரங்களில் 1/100-க்கு இறங்குங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரொனிக் ஷட்டர் இந்த விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போடும். குத்துவிளக்குச் சுடர் படத்தின் இன்னொரு மூலையில் தலைகீழாகத் தெரிந்தால் யூ.வி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். ஓமப்புகையில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் லென்ஸிலுள்ள, ஃபோகஸ் தேடும் தூரத்தை மட்டுப்படுத்தும் லிமிட்டர் சுவிட்சைத் தூரப் பக்கம் தள்ளிவிட்டு, பொட்டிலோ நெற்றிச்சுட்டியின் விளிம்பிலோ பிடியுங்கள்.

பழைய லென்ஸை வாங்கும்போது முன், பின் மூடிகளைக் கழற்றி, ஃபோன் டோர்ச்சை ஒரு பக்கமிருந்து சரித்து அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல் கிளைத்த நூல் இழை பூஞ்சணம், விலையைக் குறைத்தாலும் வேண்டாம். பிறகு பத்திரிகைத் தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, நேர் எதிரே நின்று 70, 135, 200 மூன்றிலும் எஃப் 2.8-இல் எடுங்கள். நாலு மூலையில் ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சரிந்திருக்கிறது. கடற்கரை ஊரில் பாவித்த லென்ஸ் என்றால் மவுண்ட் திருகாணிகளையும் ஹூட் பூட்டையும் உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ துருவோ தெரிந்தால் உப்பு அங்கே ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் வரவேற்புகளில் பலர் மாட்டுப்படுவது வேறொன்றில். ஏசி அறையிலிருந்து கடற்கரைக்கு லென்ஸை அப்படியே கொண்டுபோனால் முன்கண்ணாடி முழுக்க நீராவி படியும். துடைத்தால் திரும்பவும் படியும், உள்ளே படிந்ததைத் துடைக்கவும் முடியாது. வெளியே எடுக்க இருபது, முப்பது நிமிடத்துக்கு முன்பே லென்ஸைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி அறையிலிருந்து வெளியே வைத்துவிடுங்கள், பையைத் தொட்டால் குளிர் தெரியாத பிறகு திறக்கலாம். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய ஈரத்துணியால் லென்ஸின் வெளி உடம்பைத் துடைத்து, 40–50 சதவீத ஈரப்பதத்தில் டிரை கெபினெட்டில் வையுங்கள். கெபினெட் இல்லையென்றால் இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தத் தவறாதீர்கள்.