அடையிலிருந்து எழும்பிய கோழி தீன் எடுக்காவிட்டால்

ஊர்க்கோழி அடைக்குக் கிடக்கும் 21 நாளும் அரைப்பட்டினியாகவே இருக்கும். நாளுக்கு ஒரு தடவை இறங்கி வந்து, பெரிதாக ஓர் எச்சமிட்டு, அவசரமாகச் சிறிது கொத்திவிட்டு முட்டைக்குத் திரும்பிவிடும். காட்டில் மலைப்பாம்பும் முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் காலத்தில் இரையெடுப்பதில்லை என்பதால், இதை நோயென்று எண்ணிப் பதற வேண்டியதில்லை. குஞ்சு பொரித்த பின்னரும் கோழி தீனைத் தொடாமல் மெலிந்துகொண்டே போனால்தான் நாம் தலையிட வேண்டும். எங்கள் வளவில் அவ்வாறு மெலிந்த ஒரு பேட்டைத் தேற்றிய முறையை இங்கே தருகிறேன். அடை வைப்பது எப்படி என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

1. உண்மையிலேயே உண்ணவில்லையா என்று பாருங்கள்

தாய்க்கோழி தீனைக் கொத்தி எடுத்து, குஞ்சுகளை அழைத்து, அவற்றின் முன்னால் போட்டுவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உண்பதுபோலத் தெரிந்தாலும், தீன் குறைவாக இருக்கும் நாளில் அதன் வயிற்றுக்குள் ஏதும் போயிராது. குஞ்சுகளைச் சற்று நேரம் கடகத்தால் மூடிவிட்டு, அதன் பார்வையிலேயே தாய்க்குத் தனியாகத் தீன் வைத்துப் பாருங்கள். அப்போது ஆவலுடன் கொத்தினால் கோழிக்குக் குறையொன்றுமில்லை, தீன்தான் போதவில்லை.

2. விடியற்காலையில் தீன்பையைத் தடவிப் பாருங்கள்

பெரும்பாலானோர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். கழுத்தின் அடியில், நெஞ்சின் வலப்பக்கமாக இருக்கும் தீன்பை, மாலையில் நிரம்பியும் இரவு கழிந்ததும் வற்றியும் இருக்க வேண்டும். ஆகவே கூட்டைத் திறந்து தீன் போடுவதற்கு முன்னர் கோழியைக் கையில் எடுத்து மெதுவாகத் தடவுங்கள். பை வெறுமையாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். கல்லுப்போல இறுகியிருந்தால், நாரோ வைக்கோலோ காய்ந்த நெல்லோ அதற்குள் அடைத்திருக்கிறது என்று பொருள்; தளதளவென்று நீர் கோத்து, வாயில் புளித்த நாற்றமும் வந்தால், உள்ளே சென்ற தீன் பழுதாகியிருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் மேலும் தீனைத் திணிப்பது கேட்டையே தரும். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்க் கோழி அந்த இடத்திலேயே சாகக்கூடும் என்பதால் அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அருகிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

3. செள்ளும் பேனும்

அடைக்கூடு பூச்சிகளுக்கு நல்ல இருப்பிடம். இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள் பகலில் கூட்டின் இடுக்குகளில் மறைந்திருந்து இரவில் ஏறும் என்பதால், இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் அகப்படும். கொண்டை வெளிறியிருந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள். பழைய வைக்கோலை எரித்துவிட்டு, ஆறிய விறகுச் சாம்பலையும் காய்ந்த மணலையும் கலந்து ஒரு நிழலான கிடங்கில் கொட்டிவிட்டால், மிச்சத்தைக் கோழியே அதில் புரண்டு பார்த்துக்கொள்ளும்.

4. தண்ணீர், அதன் பிறகே தீன்

சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் தாகம் தீராத கோழி தீனைத் திரும்பியும் பாராது. அகலமான, ஆழமற்ற சட்டியில் தண்ணீர் வைத்து, குஞ்சுகள் விழுந்து மூழ்காதபடி நடுவில் கற்களை இடுங்கள். தீனைப் பொறுத்தவரை, ஊறவைத்த குறுணலுடன் தவிட்டையும் சிறிது தேங்காய்ப்பூவையும் பிசைந்து, கொஞ்சங்கொஞ்சமாகப் பல தடவை கொடுப்பதே நல்லது. முழு நெல்லைச் சில நாள் தள்ளி வையுங்கள். பசியைக் கிளறுவதற்குக் கறையானை மிஞ்சியது எதுவுமில்லை. ஆனால் கறையான் மருந்து அடித்த புற்றிலிருந்து வெட்டி வராதீர்கள்.

கடைத்தீன் வாங்குவதாயின் குஞ்சுத்தீனையே வாங்குங்கள். முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்புச்சத்து மிகுதி; கூடவே கொத்தும் குஞ்சுகளின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும். முட்டையிடாத தாய்க்கும் அவ்வளவு சுண்ணாம்பு தேவையில்லை.

பின்சேர்க்கை

முட்டைகள் கூழாகிப்போன பிறகும் கோழி எழும்பாமல் வெறுங்கூட்டில் கிடக்கிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். அவ்வாறான கோழிக்கு எந்தத் தீனை வைத்தும் பயனில்லை. முதலில் அடையைக் கலைக்க வேண்டும். தண்ணீரில் தோய்ப்பதும் மூக்கில் இறகு குத்துவதும் வீண் வதை. வயிற்றுப்புறத்தின் சூடு தணிந்தால் அடைக்குணம் தானாகவே விலகும். ஆகவே அடியில் கம்பிவலை அடித்த பெட்டியொன்றை, கீழால் காற்றுப் புகும்படி கற்களின் மேல் உயர்த்தி, நிழலில் வைத்து, வைக்கோல் எதுவும் இடாமல் கோழியை அதற்குள் விடுங்கள். தண்ணீரும் தீனும் உள்ளேயே இருக்கட்டும். பெரும்பாலானவை மூன்று, நான்கு நாளில் தெளிந்துவிடும். திறந்துவிட்டதும் மீண்டும் கூட்டுக்கே ஓடினால் இன்னும் ஓரிரு நாள் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

பச்சையாகக் கழிந்து, தலை தொங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் சேர்ந்தாற்போல் தீனை விட்டால் அது அடையின் களைப்பல்ல. இராணிக்கெட் நோயாக இருக்கலாம். அவற்றை உடனே பிரித்து வைத்துவிட்டு வைத்தியருக்கு அறிவியுங்கள்.